குதிரும் குடிலும்: வேடசந்தூர்ப் பகுதிச் சிறுமனைகளில் பஞ்சக்கால உணவுச் சேமிப்பு

முன்னுரை

பாண்டிய நாடு பன்னீரியாண்டு வற்கடம் சென்றதென்றும், அரசன் புலவர்களை அழைத்து, ‘இனி உங்களைப் புரந்தருள இயலாது, நாடு நாடாயின ஞான்று வருக’ என்ற கருத்துப்பட விடைகொடுத்து அனுப்பினான் என்றும் இறையனார் களவியலுரை கூறும். மழை பெய்தபின் புலவரைத் தேடியபொழுது எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லார் கிடைத்திலர் என்பது அவ்வுரை தரும் செய்தி. இதனை வரலாறு என்பாரும் உளர். புனைவு என்பாரும் உளர். எவ்வாறாயினும் ஒன்று தெளிவு. களஞ்சியம் வறிதானால் கல்வியும் கலையும் வறிதாகும் என்பதனை நம் முன்னோர் ஐயமின்றி அறிந்திருந்தனர்.

வேந்தனின் களஞ்சியத்தைப் பற்றியும் கோயிலின் களஞ்சியத்தைப் பற்றியும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். திருப்பாலைத்துறைக் கோயிலில் தஞ்சை நாயக்கர் காலத்தில் எழுந்த, மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் வட்டக் களஞ்சியத்தை அறியாதார் இலர். ஆனால், ஓர் அறையும் ஒரு திண்ணையுமே உடைய உழவன், வாராத மழைக்கு அஞ்சித் தன் உணவினை எங்கே வைத்தான் என்னும் வினா பெரிதும் எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை அவ்வினாவினை வேடசந்தூர்ப் பகுதியை முன்னிறுத்தி ஆராய முயல்கின்றது.

நிலமும் விளைவும்

திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர் செல்லும் வழியில் அமைந்தது வேடசந்தூர். 1985ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பெற்ற திண்டுக்கல் மாவட்டத்தின் வறண்ட பகுதிகளுள் இஃது ஒன்று. குடகனாறு இவ்வழியே வடக்கு நோக்கி ஓடி அமராவதியுடன் கலக்கின்றது. ஆறு என்று பெயர் பெற்றிருப்பினும் ஆண்டின் பெரும்பகுதியில் மணலே காட்சியளிக்கும். செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டு நிலங்களில் சோளம், கம்பு, வரகு, சாமை, தினை, கொள், துவரை ஆகியன மானாவாரியாக விளைந்துவந்தன. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது இந்நிலத்து உழவர்க்கு வெறும் பழமொழியன்று; ஒரு பட்டம் தவறினால் ஓராண்டு உணவு தவறும் என்னும் எச்சரிக்கையாகும். ஆற்றுப் பாசனமுடைய நாட்டில் சேமிப்பு செல்வத்தின் அடையாளம்; இந்நாட்டிலோ அஃது உயிரின் காப்பு. இவ்வேறுபாட்டினை முதற்கண் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இலக்கியம் காட்டும் மூன்று நிலைகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, உணவுச் சேமிப்பின் மூன்று நிலைகளை ஒரே வழிப்பயணத்தில் வைத்துக் காட்டுகின்றது. பாலை வழியில் வாழும் எயிற்றியர் பூண் கட்டிய கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசியைத் திரட்டி, முற்றத்து நில உரலில் இட்டுக் குற்றுகின்றனர். இவர்தம் குடிலில் களஞ்சியம் இல்லை, நிலமே களஞ்சியம். முல்லை நிலத்துச் சீறூரிலோ வரகு வைக்கோல் வேய்ந்த வீடுகளின் முற்றத்தில் குதிர்கள் நிற்கின்றன. அவை பெண் யானைகளின் கூட்டம் போலத் தோன்றுகின்றன என்பார் புலவர். மருத நிலத்து நல்லில்லங்களில் ஏணிக்கும் எட்டாத உயரமுடைய கூடுகள் முகட்டினைத் திறந்து நிரப்பப்பெற்று, எடுக்கப்படாமலே பழமையடைந்து நிற்கின்றன.

நம் ஆராய்ச்சிக்கு இம்மூன்றனுள் நடுவணது இன்றியமையாதது. வரகும் அவரையும் உண்ணும் அச்சீறூர், வேடசந்தூர்ப் புறத்துச் சிற்றூர்களின் வாழ்க்கையோடு பெரிதும் ஒத்தது. யானையுவமை உருவத்தை மட்டும் குறித்ததன்று என்பது எம் கருத்து. சாம்பல் நிறம் பொருந்திய மண் உடல், பருத்த வயிறு, நிலத்தினின்றும் உயர்த்திய கால்கள் ஆகிய மூன்றும் குதிருக்கும் பிடிக்கும் பொதுவாதலின், புலவர் நேரிற் கண்டே பாடினார் எனலாம். இன்றும் குதிரினைக் கல்லின்மீதும் மண் கால்களின்மீதும் உயர்த்தி நிறுத்தும் வழக்கம் இதனை வலியுறுத்தும்.

சேமிப்பு தீர்ந்த நிலையினையும் சங்கப்பாடல்கள் மறைக்கவில்லை. புறநானூற்றின் 333ஆம் பாட்டில், வரகும் தினையும் இரவலர்க்கு ஈந்து தீர்ந்துபோக, கடனும் கிடைக்காமையால், விதைக்கென உலர்த்திய தினையினையே உரலில் இடுகின்றாள் ஒரு மனைவி. பெரியபுராணத்து இளையான்குடி மாறனாரும் நள்ளிரவு மழையில், விதைத்த நெல்முளையினை வாரிவந்து அடியார்க்கு உணவளிக்கின்றார். இரண்டும் விருந்தோம்பலைப் புகழ்வன. ஆயின், உணவுக்குரிய தானியம் வேறு, விதைக்குரிய தானியம் வேறு என்னும் எல்லைக்கோடு எத்துணை உறுதியாக இருந்திருப்பின் அதனைக் கடந்தது பாட்டுக்குரிய செயலாயிற்று என்பதனையும் எண்ணிப் பார்த்தல் தகும்.

சிறுமனையின் ஐந்து இடங்கள்

இனி, சிறிய வீட்டில் சேமிப்புக்கு இடம் எங்ஙனம் கிடைத்தது என்பதனைக் காண்போம். பழைய மனைகளை ஆராயுமிடத்துத் தரை, சுவர்ப்புறம், முகடு, தொங்கல், நிலத்தின் அகம் என ஐந்து இடங்கள் பயன்பட்டமை புலனாகின்றது.

முதலாவது, சுவரை ஒட்டி நிற்கும் குதிர். மதுரைக்குத் தெற்கிலும் சூழவும் இதனைக் குலுக்கை என்பர். களிமண்ணுடன் வைக்கோலைப் பிசைந்து வட்ட உறைகளாகச் செய்து, நிழலில் உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பொருத்துவாய்களை மண்ணாலும் சாணத்தாலும் மெழுகுவர். தானியம் மேல்வாய் வழியாக இடப்படும். அடியிலுள்ள சிறு துளையின் வழியாக எடுக்கப்படும். துளையைத் துணியாலோ வைக்கோற் புரியாலோ அடைத்து வைப்பர். முன் இட்டது முன் வெளிவருதலின் பழையது தேங்கிக் கெடுவதில்லை. இன்று கிடங்கு மேலாண்மையில் வற்புறுத்தப்படும் விதி, மண் குதிரின் வடிவிலேயே அமைந்துகிடத்தல் காண்க.

இரண்டாவது, அடுக்குப் பானைகள். பெரிய பானையின்மேல் சிறிய பானையாக ஐந்தாறு பானைகள் அடுக்கப்பெற்று, ஒரு பானை நிற்கும் இடத்திலேயே பல பொருள்கள் தங்கின. உப்பும் புளியும், செம்மண் பூசி உலர்த்திய துவரையும், வற்றல் வகைகளும் இவற்றில் இருந்தன. பயற்றில் வண்டு விழாதிருக்கச் சாம்பலும் வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டனர். பானை அடுக்கின் உயரம் இல்லாளின் திறமைக்கு அளவுகோலாகக் கருதப்பட்டதும் உண்டு.

மூன்றாவது, அடுப்பின்மேல் அமைந்த பரண். ஒரு பட்டம் முழுவதும் எழும் புகை, பரணில் இருந்த விதைக்கதிர்களையும் சுரைக்குடுவையில் இட்ட காய்கறி விதைகளையும் பூச்சியினின்றும் காத்தது. நான்காவது, உறி. எலியும் எறும்பும் எட்டாதவாறு கூரையினின்றும் தொங்கிய உறி, தரையில் ஓர் அங்குல இடமும் கொள்ளாதது.

ஐந்தாவது, நிலத்தின் அகத்தே தோண்டிய சோளக்குழி. நீர் ஊறாத மேட்டு நிலத்தில் குழி தோண்டி, அடியிலும் பக்கங்களிலும் வைக்கோல் பரப்பிச் சோளத்தை நிரப்பி, மேலே மண்ணால் மூடிவிடுவர். உள்ளிருக்கும் காற்று தீர்ந்தவுடன் பூச்சிகள் மடிகின்றன. தானியம் நெடுநாள் இருக்கின்றது. குழியினைத் திறந்தவுடன் இறங்கினால் நச்சுக்காற்றினால் உயிர் போதலும் உண்டாதலின், முதலில் விளக்கினை இறக்கிப் பார்ப்பர். விளக்கு அணையின் இறங்கார். தரைமேல் இடமில்லாதவனுக்குத் தரைக்குக் கீழ் இடம் உண்டு என்பதே குழியின் தத்துவம்.

இவற்றோடு தானியத்தின் தன்மையினையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். வரகின் தோல் கடினமானது. ஆண்டு பல கடந்தும் எளிதிற் கெடாதது. கோபுரக் கலசங்களில் வரகினை நிரப்பிக் குடமுழுக்கின்பொழுது மாற்றும் வழக்கத்திற்கு, பஞ்சத்திலும் விதை அழியாதிருத்தல் வேண்டும் என்பதே காரணமாக மக்களாற் சொல்லப்படுகின்றது. குடமுழுக்குக்குரிய பன்னிரண்டு ஆண்டுக் கால எல்லையும் இலக்கியம் கூறும் வற்கடத்தின் பன்னீரியாண்டும் ஒத்திருத்தல் கருதத்தக்கது. எனினும், இவ்வொற்றுமையின்மேல் முடிபு கட்டுதல் கூடாது.

ஒரு கணக்கு

குதிருக்கு எவ்வளவு இடம் வேண்டும்? 1877ஆம் ஆண்டுப் பஞ்ச நிவாரணப் பணிகளில் ஆடவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டுத் தானியத்தின் விலையும் அதனுடன் ஒரு சிறு தொகையும் கூலியாக விதிக்கப்பெற்றன. அந்த ஒரு பவுண்டினையே குறைந்த அளவாகக் கொள்வோம். ஒருவருக்கு ஆண்டிற்கு ஏறத்தாழ 165 கிலோ; ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 825 கிலோ. சோளமாயின் இஃது ஏறத்தாழ 1.1 கனமீட்டர் இடத்தில் அடங்கும். மூன்றேகால் அடி விட்டமும் நான்கேமுக்கால் அடி உயரமும் உடைய ஒரே குதிர் இதற்குப் போதும். அக்குதிர் தரையில் கொள்ளும் இடம் எட்டரைச் சதுர அடிக்கு மேற்படாது. பத்தடி அகலமும் பதினாறடி நீளமும் உடைய குடிலில் இஃது இருபதில் ஒரு பங்கினைச் சற்றே கடந்ததாகும்.

ஆகவே, சிறுமனையில் இடமில்லாமையாற் சேமிக்கவில்லை என்பது பொருந்தாது. இடம் இருந்தது. அவ்விடத்தில் நிரப்புவதற்கு விளைவு எஞ்சியதா என்பதே உண்மையான வினா.

முற்றத்தினின்றும் அகத்தே

பெரும்பாணாற்றுப்படையில் குதிர் முற்றத்தில் நின்றது. பிற்காலத்தில் அது வீட்டினுள்ளே புகுந்தமைக்கு ஒரு பழமொழி சான்று பகர்கின்றது. ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்பது யாவரும் அறிந்தது. தேடி வந்தவனிடம் சிறுவன் சொல்லும் இவ்விடையில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. குதிர் ஓர் ஆள் மறையும் அளவினது. வாயிலில் நிற்பவன் கண்ணுக்குப் புலனாகாத இடத்தில் இருப்பது. அப்பொழுது வெறுமையாக இருப்பது. மூன்றாவது செய்தியே நெஞ்சை வருத்துவது. நிறைந்த குதிரில் ஆள் ஒளிதல் இயலாது. வெறுங்குதிரில் ஒளிந்தவனை வாயிலில் தேடி நிற்பவன் கடன் கொடுத்தவனாகவோ வரி தண்டுவோனாகவோதான் இருத்தல் கூடும். நகைக்கென வழங்கும் இப்பழமொழி, கடன்பட்ட உழவனின் வரலாற்றினைத் தன்னுள் ஒளித்துவைத்திருக்கின்றது.

திண்டுக்கல் சீமை 1792ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. நிலவரி பணமாகக் கேட்கப்பெற்ற காலத்தில், அறுவடையானவுடன் தானியத்தை விற்றே வரி செலுத்த வேண்டிய நிலை உழவனுக்கு உண்டாயிற்று. முற்றத்துக் குதிர் மதிப்பிடப்படும்; அகத்துக் குதிர் மறைக்கப்படும். குதிர் உள்ளே புகுந்தமைக்கு மழையும் திருட்டும் மட்டுமன்றி, இவ்வச்சமும் ஒரு காரணமாகலாம் என்பது எம் துணிபு, முடிந்த முடிபன்று.

தாது ஆண்டுப் பஞ்சம்

1876ஆம் ஆண்டில், தாது வருடத்தில், பருவமழைகள் பொய்த்தன. அதனைத் தொடர்ந்து 1878 வரை நீடித்த கொடுமையில் தென்னிந்தியாவில் பல இலட்சம் மக்கள் மடிந்தனர். 1871ஆம் ஆண்டுக் கணக்கினை நோக்க, 1881ஆம் ஆண்டுக் கணக்கில் மதுரை மாவட்டத்து மக்கள்தொகை குறைந்தே காணப்பட்டது. சிவகங்கைச் சீமையின் துயரினை வில்லியப்ப பிள்ளை தம் பஞ்சலட்சணத் திருமுக விலாசத்தில் எள்ளலும் அழுகையும் கலந்து பாடினார்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. திருச்சிராப்பள்ளியினின்றும் அய்யலூர், வடமதுரை, திண்டுக்கல் வழியாக மதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1875ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே பஞ்சம் வந்தது. இருப்புப்பாதை உணவினைக் கொண்டுவரும் என்று அரசு நம்பியது; கொண்டுவந்ததும் உண்மையே. ஆயின், விலை மிகுந்த இடத்திற்கு உணவினைக் கொண்டுசெல்வதும் அதே பாதைதான். வண்டித் தடத்தில் மெல்லச் சென்ற விலைச் செய்தி தந்திக் கம்பியில் விரைந்து சென்றது. குதிரில் இருந்தது வணிகனின் கிடங்கிற்கும், கிடங்கில் இருந்தது விலை மிக்க சந்தைக்கும் நகர்ந்தது. கையில் பணமில்லாதவன் இரயிலடியில் மூட்டைகளைக் கண்டவாறே பசித்திருந்தான். சென்னை அரசு தானே தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டபொழுது, வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையுடைய இந்திய அரசு அதனை விரும்பவில்லை. ஒரு பவுண்டுக் கூலியினை எதிர்த்துச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். 1877ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் அக்கூலி உயர்த்தப்பெற்றது.

முதலில் மடிந்தவர் யாவர்? குதிர் வைத்திருந்தோர் அல்லர். அன்றாடம் படிக் கூலி பெற்று அன்றாடம் உண்ட கூலியாளரும், நூல் விலையும் உணவு விலையும் ஒருங்கே நெருக்கிய நெசவாளருமே முதலில் வீழ்ந்தனர். அவர்தம் குடிலிலும் எட்டரைச் சதுர அடி இடம் இருந்தது. அதனை நிரப்பும் விளைவுதான் அவர்க்கு உரியதாக இல்லை. இந்நிலை தமிழகத்திற்குப் புதியதும் அன்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டில், வேளாளன் ஒருவன் பஞ்சத்தினால் தன்னையும் தன் பெண்மக்கள் இருவரையும் திருப்பாம்புரத்துக் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதனைக் கல்வெட்டு அறிவிக்கின்றது. சோழப் பேரரசின் பெருமையைப் பேசும் நாம் இக்கல்லினையும் உடன்வைத்துப் படித்தல் கடன்.

வீட்டினுள் உணவு இருந்தும் கதவு திறவாத நிலையினை நல்லதங்காள் கதை கூறுகின்றது. பஞ்சத்திற்கு அஞ்சி ஏழு மக்களுடன் பிறந்தகம் புகுந்தவளுக்கு, அண்ணன் மனைவி உணவினை ஒளித்துக் கதவை அடைத்தாள். நாட்டு மக்கள் இக்கதையினை ஊர்தோறும் பாடி அழுதமைக்குக் காரணம், அதில் வரும் கிணறு மட்டுமன்று; அந்த அடைத்த கதவுமாகும். சேமிப்பு என்பது இடத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. திறவுகோல் யார் கையில் உள்ளது என்பதும் அதனுள் அடங்கும்.

குதிர் மறைந்தமை

தாது ஆண்டுக்குப்பின் பஞ்ச ஆணையம் 1880ஆம் ஆண்டில் தன் அறிக்கையினை அளித்தது. அதனைத் தொடர்ந்து பஞ்ச விதித்தொகுப்புகள் எழுந்தன. இரண்டாம் உலகப்போரில் பர்மா 1942ஆம் ஆண்டில் சப்பானியர் வசப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது; பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. 1952ஆம் ஆண்டில் இராசாசி உணவுக் கட்டுப்பாட்டினை நீக்கினார். 1965ஆம் ஆண்டில் இந்திய உணவுக் கழகமும், 1972ஆம் ஆண்டில் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமும் தோன்றின. வீட்டின் குதிர் செய்த பணியினை அரசின் கிடங்கு ஏற்றுக்கொண்டது.

வேடசந்தூர்ப் பகுதியில் நிலத்தின் விளைவும் மாறியது. 1948ஆம் ஆண்டில் இங்குப் புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. புகையிலையும் நிலக்கடலையும் முருங்கையும் பணம் தந்தன. பின்னர் நூற்பாலைகள் கூலி தந்தன. வரகும் சாமையும் குன்றின. குதிருக்குள் இடும் பொருள் இல்லாதபொழுது குதிர் வீட்டினை அடைத்துக்கொண்டு நிற்கும் சுமையாயிற்று. புதிய வீடு கட்டுவோர் முதலில் உடைத்து வெளியேற்றியது அதனையே. உடைந்த உறைகள் சில இன்று கொல்லைப்புறத்தில் கோழி அடைக்கப் பயன்படுகின்றன.

இம்மாற்றத்தினைக் கேடு என்று மட்டும் கூறுதல் நேர்மையன்று. கூலியாளின் குடிலுக்கு ஒருபொழுதும் குதிர் தராத பாதுகாப்பினை நியாயவிலைக் கடை தந்துள்ளது. 2011 சூன் முதல் தமிழகத்தில் அரிசி விலையின்றி வழங்கப்பெறுகின்றது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் இங்கு நடைமுறைக்கு வந்தது. தாது ஆண்டில் மடிந்தோர் இதனைப் பெற்றிருப்பின் மடிந்திரார்.

எனினும், 2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றினால் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபொழுது, கடை அடைத்தால் எத்தனை நாளைக்கு உணவு உண்டு என்று ஒவ்வொரு வீடும் தன் அடுக்களையினைத் திரும்பிப் பார்த்தது. முன்னினும் பெரிய வீடுகளிலும் ஓராண்டுக்குரிய உணவு இல்லை. ஒரு திங்களுக்குரிய அரிசிப் பையினை வைப்பதற்கே இடம் தேடினர். கட்டிலும் பேழையும் தொலைக்காட்சியும் இடம்பெறத் திட்டமிட்ட மனையில், பஞ்சத்திற்கென ஒரு மூலை திட்டமிடப்படவில்லை. இடம் இல்லாமையன்று, அச்சம் இல்லாமையே இதற்குக் காரணம். அச்சமின்மை நல்லதே; மறதி நல்லதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வறண்ட நாட்டுச் சிறுமனை உணவுச் சேமிப்பினைத் தன் அமைப்பின் ஒரு கூறாகவே கொண்டிருந்தது என்பதும், ஓராண்டு உணவுக்கு மனையின் இருபதில் ஒரு பங்கு இடமே தேவைப்பட்டது என்பதும், பஞ்சத்தில் மக்கள் மடிந்தது இடமின்மையாலன்று, விளைவின்மேல் உரிமையின்மையால் என்பதும் பெறப்பட்டன. குதிர் முற்றத்தினின்றும் அகத்தே புகுந்த வரலாறு மேலும் ஆராயத்தக்கது.

தமிழ் ஆய்வாளர்க்கு ஒரு வேண்டுகோள். குதிர், குலுக்கை, தொம்பை, பத்தாயம், கூடு, சேர், கோட்டை, மொடா, சால், பரண், அட்டம், உறி எனச் சேமிப்பினைக் குறிக்கும் சொற்கள் நம் மொழியில் நிரம்ப உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி குதிரினையும் குலுக்கையினையும் பதிவு செய்துள்ளது. ஆயின் அவற்றின் உறுப்புகளுக்கும், செய்முறைக்கும், அளவுகளுக்கும் ஊர்தோறும் வழங்கிய பெயர்கள் முதியோர் நாவிலேயே இன்று தங்கியுள்ளன. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் பத்து வீடுகளுக்குச் சென்று, குதிர் நின்ற இடத்தை அளந்து, அதனைச் செய்த மூதாட்டியின் சொற்களை எழுதிக்கொள்வாராயின், ஐந்தாண்டிற்குள் ஒரு நல்ல தொகுப்பு உருவாகும்.

அன்றொரு வற்கடத்தின் முடிவில் பொருளதிகாரம் வல்லாரைத் தேடிக் காணாது கவன்றான் பாண்டியன் என்பது கதை. இன்று வற்கடம் இல்லை, களஞ்சியங்கள் நிறைந்துள்ளன. ஆயினும் களஞ்சியத்தின் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்துவருகின்றன. அவை தீருமுன் சேமித்தல் நம் பொறுப்பு.